சாவடிப் பொறுப்பாளருக்கு இரண்டு தெனாரியம்

கம்பம் பள்ளத்தாக்கில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. பொழுது சாயும் நேரத்தில்தான் அவர்கள் வீடு திரும்புகிறார்கள். மலையேறிப் போகிறவர்களின் கூலி, பயணப் பாதுகாப்பு, வண்டி விபத்துகள் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம், செபிக்கிறோம். ஆனால் அந்த வீடுகளுக்குள் விட்டுச் செல்லப்படுகிறவர்களைப் பற்றி எவ்வளவு பேசியிருக்கிறோம்?

பக்கவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த தந்தை, புற்றுநோய் முற்றிப்போன தாய், இடுப்பு எலும்பு முறிந்து எழ முடியாத பாட்டி, நினைவு தப்பிய தாத்தா என்று எந்த ஊரில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இப்படி ஒருவர் இருக்கிறார். தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர், மூடிவைத்த ஒரு தட்டுக் கஞ்சி, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்த ஒரு வார்த்தை. காலை ஐந்து மணி முதல் மாலை ஐந்து மணிவரை அவருக்கு உள்ள பராமரிப்பு இவ்வளவுதான். பிள்ளைகளைக் குறை சொல்வது எளிது. ஒருநாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது என்ற நிலையில் உள்ளவர்களிடம், "அம்மாவைப் பார்க்காமல் ஏன் போகிறாய்?" என்று கேட்கும் உரிமை நம்மில் யாருக்கு இருக்கிறது?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 10.4 விழுக்காடு. நாட்டில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதியோர் விகிதம் மிகுந்த பெரிய மாநிலமாக நாம் அப்போதே இருந்தோம். அதன்பிறகு இவ்விகிதம் கூடிக்கொண்டுதான் வருகிறது. எனவே படுத்த படுக்கையாகிவிட்டவர்களை யார் பராமரிப்பது என்பது ஏதோ ஒரு குடும்பத்தின் சொந்தக் கவலை அல்ல. அது சமூகத்தின் கேள்வி, சட்டத்தின் கேள்வி, நம் விசுவாசத்தின் கேள்வி.

பராமரிப்பு இல்லாத இடத்தில் நடப்பது

இக்கேள்விக்குப் பதில் சொல்லத் தவறிய இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நம் அருகிலேயே ஒரு கசப்பான சான்று உண்டு. விருதுநகர், மதுரை மாவட்டங்களின் சில கிராமங்களில் 'தலைக்கூத்தல்' என்ற பெயரில், எழ முடியாத முதியவர்களின் உயிரைக் குடும்பத்தாரே முடித்துவைக்கும் வழக்கம் இருந்துவந்ததைப் பத்திரிகைகள் வெளிக்கொணர்ந்தன. 2010ஆம் ஆண்டு விருதுநகர் மாவட்டத்தில் எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், தமக்கு நடக்க இருப்பதை வீட்டார் பேசிக்கொண்டதைக் காதால் கேட்டு, தப்பியோடி உறவினர் வீட்டில் அடைக்கலம் புகுந்தார். அதன்பிறகே வெளியுலகம் இதைத் திரும்பிப் பார்த்தது. 'பாரம்', 'கே.டி. (எ) கருப்புதுரை' போன்ற திரைப்படங்களும் இக்கொடுமையை மக்கள்முன் வைத்தன.

இது கொலை. 'கருணை', 'சடங்கு', 'அவருக்கும் நிம்மதி' என்று எந்தப் பெயரிட்டாலும் நாட்டின் சட்டத்துக்கு முன்பும் கடவுளின் கட்டளைக்கு முன்பும் இது கொலைதான். இதில் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் கண்டனத்தோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. இத்தகைய வீடுகளில் அந்த முடிவுக்கு முந்திய மாதங்களில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். முதுகில் புண். புண்ணிலிருந்து வாடை. இரவெல்லாம் வலியின் முனகல். மாத்திரைக்குக் கடன். துணி அலசி அலசி ஓய்ந்துபோன மருமகள். "இப்படிக் கிடப்பதைவிடப் போய்ச் சேர்ந்தால் நல்லது" என்ற வார்த்தை அந்த வீட்டில் முதலில் யார் வாயிலிருந்தும் வந்திருக்கலாம், அந்த நோயாளியின் வாயிலிருந்தே வந்திருக்கலாம்.

அந்த வார்த்தை மரணத்தைக் கேட்பதில்லை. பெரும்பாலும் அது வலி நீங்குவதைக் கேட்கிறது, புண் ஆறுவதைக் கேட்கிறது, பிறருக்குச் சுமையாக இருக்கிறோமே என்ற அவமானம் தீர்வதைக் கேட்கிறது. இவை மூன்றுக்கும் மருந்தும் வழிமுறையும் உண்டு. அவற்றைக் கையில் ஏந்தி வீட்டுக்குள் வரக்கூடியவர் செவிலியர்.

செவிலியம் என்ன செய்யும்?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றிய அருணா ஷான்பாக் 1973 நவம்பரில் கொடூரமாகத் தாக்கப்பட்டு, நினைவிழந்த நிலைக்குத் தள்ளப்பட்டார். 2015 மே 18 அன்று இறக்கும்வரை ஏறக்குறைய 42 ஆண்டுகள் அதே மருத்துவமனையின் செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைப் பராமரித்தார்கள். இத்தனை ஆண்டுகளில் அவருக்குப் படுக்கைப்புண் வரவில்லை என்பது மருத்துவ உலகம் வியந்து பேசிய செய்தி. அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த அனுமதி கேட்டுத் தொடரப்பட்ட வழக்கில் 2011 மார்ச் 7 அன்று தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம், அவர் சார்பாகப் பேசும் தகுதி அன்றாடம் அவரைப் பராமரித்துவந்த அந்த மருத்துவமனைப் பணியாளர்களுக்கே உண்டு என்று கூறி அம்மனுவை ஏற்க மறுத்தது. பணிவிடை செய்த கைகளுக்கு நீதிமன்றம் தந்த மரியாதை அது.

படுக்கைப்புண் வராமல் காப்பது அதிசயம் அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது, தோலை ஈரமின்றி வைப்பது, முதுகும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று அன்றாடம் பார்ப்பது, தலையை உயர்த்திவைத்து உணவூட்டுவது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது. இவ்வளவுதான். இதை ஒரு செவிலியர் வந்து ஒருமுறை காட்டிக்கொடுத்தால் வீட்டார் கற்றுக்கொள்வார்கள். யாரும் காட்டிக்கொடுக்காத வீட்டில் பாசம் இருந்தும் புண் வருகிறது.

வலியைப் பொறுத்தவரையிலும் இதே நிலைதான். முற்றிய புற்றுநோயின் வலிக்கு மார்பின் சிறந்த மருந்து. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டக் கெடுபிடிகளால் அது நெடுங்காலம் ஏழை நோயாளிக்கு எட்டாமலிருந்தது. 2014இல் அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிலையங்கள் அதை எளிதாகப் பெற வழி பிறந்தது. வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் புண்ணியம், வலி மருந்து கேட்பது விசுவாசக் குறைவு என்று நம் மக்களில் சிலர் எண்ணுகிறார்கள். திருச்சபை அப்படிப் போதிக்கவில்லை. 1957ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், வலியைத் தணிக்கும் நோக்கத்தோடு மருத்துவர் தரும் மருந்தை ஏற்பது முறையானதே என்று தெளிவுபடுத்தினார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, நோய் ஆதரவு சிகிச்சையைத் தன்னலமற்ற அன்பின் சிறப்பு வடிவம் என்றே கருதி ஊக்குவிக்கிறது.

சட்டமும் மனச்சான்றும்

வீடுதேடிச் செல்லும் செவிலியர் தனியாகச் செல்கிறார். மருத்துவமனையில் என்றால் மருத்துவர் உண்டு, மேற்பார்வையாளர் உண்டு, பதிவேடு உண்டு. வீட்டிலோ அவர் முன் நோயாளியும் உறவினர்களும் மட்டுமே. அங்கே எழும் கேள்விகள் கடினமானவை.

"இனிமேல் எதுவும் கொடுக்க வேண்டாம் சிஸ்டர், ஒரே ஒரு ஊசி போட்டு விட்டுருங்க" என்று ஒரு மகன் கேட்டால்? அதைச் செய்யச் சட்டம் அனுமதிக்கவில்லை. உச்சநீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழங்கி, 2023 ஜனவரியில் நடைமுறைகளை எளிதாக்கிய தீர்ப்பு, மீளமுடியாத நிலையில் உள்ள நோயாளிக்கு உயிர்காப்புக் கருவிகளை விலக்கிக்கொள்வதைப் பற்றியது. அதையும் மருத்துவக் குழுக்கள் கூடி முடிவு செய்ய வேண்டும். உயிரைப் போக்க ஊசி போடுவதற்கு அத்தீர்ப்பில் இடமே இல்லை. பயனற்ற, மிகுந்த வேதனை தரும் சிகிச்சையை மறுப்பது வேறு. உணவும் நீரும் பராமரிப்பும் தராமல் சாகவிடுவது வேறு. திருச்சபையும் இந்த வேறுபாட்டை நெடுங்காலமாகப் போதித்துவருகிறது. வத்திக்கான் 2020இல் வெளியிட்ட 'நல்ல சமாரியர்' என்ற மடல் இதை மீண்டும் வலியுறுத்தியது. குணமாக்க முடியாத நிலை வரலாம், பராமரிக்க முடியாத நிலை என்று ஒன்று கிடையாது என்பதே அதன் சாரம்.

அப்படிக் கேட்கும் மகனை உடனே குற்றவாளியாகப் பார்ப்பதும் தவறு. அவர் களைத்துப்போயிருக்கிறார். அவரிடம் பேசி, வலியைக் கட்டுப்படுத்த மருத்துவரை வரவழைத்து, அந்த வீட்டுக்கு அடிக்கடி சென்றுவருவது செவிலிய அறத்தின் பகுதி. ஆனால் உண்மையான ஆபத்து தெரிகிறது என்றால் மருத்துவ அலுவலரிடமும் உரிய அதிகாரிகளிடமும் தெரிவிப்பதும் அவரது கடமை. அங்கே மௌனம் காப்பது உடந்தையாகிவிடும்.

"அப்பா கைநாட்டு வைக்கும்போது நீங்கள் சாட்சியாக இருங்கள்" என்று சொத்துப் பத்திரத்தை நீட்டினால்? சுயநினைவு தெளிவாக இல்லாத நோயாளியின் பெருவிரல் ரேகையை எடுக்கும் இடத்தில் செவிலியர் நிற்கக் கூடாது. 'பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம்' 2007இல் இயற்றப்பட்டது. பராமரிப்பேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கியவர் பராமரிக்காமல் விட்டால் அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க அச்சட்டத்தின் 23ஆம் பிரிவு வழிசெய்கிறது. மூத்த குடிமக்களைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம்வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது 24ஆம் பிரிவு. தீர்ப்பாயத்துக்குக் கோட்டாட்சியரே தலைவர். நம் மாவட்டத்தில் பெரியகுளம், உத்தமபாளையம் கோட்டாட்சியர் அலுவலகங்களை நாடலாம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் உண்டு. இவற்றை நம் முதியோரில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

"அவருக்கு என்ன வியாதி?" என்று தெருவில் யாராவது கேட்டால்? நோயாளியின் நோய் அவருக்குச் சொந்தமான இரகசியம். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களைப் பொறுத்தவரை 2017ஆம் ஆண்டின் தனிச்சட்டம் இரகசியம் காப்பதையும் பாகுபாடு காட்டாமையையும் கட்டாயமாக்கியுள்ளது. இப்பகுதி இதன் வேதனையை நன்கு அறியும். ஆண்டிபட்டியில் தொழுநோயாளர்களுக்கான பணியாகத் தொடங்கிய ஆரோக்கிய அகம், பின்னர் காசநோயாளர்களையும் எச்.ஐ.வி.யோடு வாழ்வோரையும் ஏற்றுக்கொண்டது. ஊர் ஒதுக்கியவர்களைத் தொட்டுப் பணிசெய்த அனுபவம் நம் மண்ணிலேயே இருக்கிறது.

இவை அனைத்துக்கும் பயிற்சி வேண்டும், பதிவு வேண்டும். நம் மாநிலத்தில் செவிலியர் பதிவுக்கென 1926ஆம் ஆண்டு முதலே சட்டம் உண்டு. 1947ஆம் ஆண்டின் இந்திய செவிலியர் குழுமச் சட்டத்துக்கு மாற்றாக 2023இல் தேசிய செவிலியர், மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றியது. ஆயினும் 'ஹோம் நர்ஸ்' என்ற பெயரில் ஏஜென்சிகள் அனுப்புகிறவர்களில் பலர் பயிற்சி பெறாத ஏழைப் பெண்கள். அவர்கள் செய்யும் பணி மதிப்புக்குரியது. ஆனால் ஊசி போடும் பொறுப்பை அவர்கள்மேல் சுமத்துவது நோயாளிக்கும் ஆபத்து, அவர்களுக்கும் ஆபத்து.

மலைக்கு இந்தப் பக்கம், மலைக்கு அந்தப் பக்கம்

நம் மக்கள் நாள்தோறும் ஏறிப்போகும் மலையின் அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது? நோய் ஆதரவு சிகிச்சைக்கென 2008ஆம் ஆண்டிலேயே தனிக்கொள்கை வெளியிட்ட முதல் இந்திய மாநிலம் கேரளம். அங்கே கிராம ஊராட்சிகளே செவிலியரை அமர்த்தி, வண்டி ஏற்பாடு செய்து, படுக்கையில் கிடப்போரின் வீடுகளுக்கு அனுப்புகின்றன. 1993இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்களும் தன்னார்வலர்களும் தொடங்கிய சிறு பணி இவ்வாறு வளர்ந்தது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்ததோடு, நோய் ஆதரவு சிகிச்சையையும் இயன்முறை சிகிச்சையையும் சேர்த்துக்கொண்டது. 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. இதை நன்றியோடு பாராட்ட வேண்டும். ஆனால் ஒன்றியத்துக்கு ஓர் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் என்பதே இத்திட்டத்தின் அமைப்பு. தேனி மாவட்டத்தில் எட்டு ஒன்றியங்கள், 130 ஊராட்சிகள். கடமலைக்குண்டு-மயிலாடும்பாறை ஒன்றியத்தில் வருசநாட்டு மலையடிவாரம்வரை சிதறிக்கிடக்கும் சிற்றூர்களை ஒரே ஒரு செவிலியர் எத்தனை நாளைக்கு ஒருமுறை சுற்றிவர முடியும்? மாதத்துக்கு ஒருமுறை வரும் கையால் இரவு வலியைத் தணிக்க முடியாது.

அந்தச் செவிலியரின் நிலைமையையும் பார்க்க வேண்டும். 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் மூலம் தேர்வெழுதி வந்த செவிலியர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஒப்பந்தப் பணியில் சேர்க்கப்பட்டார்கள். இரண்டு ஆண்டுகளில் பணி நிரந்தரம் என்ற உறுதியை நம்பி வந்த அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராட வேண்டியிருந்தது. பலருக்குக் காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. கொரோனா காலத்தில் அமர்த்தப்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் 2022 டிசம்பர் 31 அன்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். தொற்றுக்காலத்தில் விளக்கேற்றிக் கைதட்டிய நாம் அந்த நாளில் மௌனமாக இருந்தோம்.

தனியார் மருத்துவமனைகளிலும் நிலைமை மெச்சத்தக்கதல்ல. உச்சநீதிமன்ற ஆணைப்படி 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைகளுக்குக் குறைவான மருத்துவமனைகளிலும் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாத ஊதியம் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. கேரளம் 2018இல் அதைக் குறைந்தபட்ச ஊதிய ஆணையாகவே வெளியிட்டது. அந்த ஆணைக்கு முன்னே நடந்த செவிலியர் போராட்டங்கள் சில திருச்சபை மருத்துவமனைகளின் வாசலிலும் நடந்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 'சேவை' என்ற சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைப்பது நற்செய்தி அல்ல. நியாயமான கூலி நீதியின் கடன் என்று 1891இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ முழங்கினார். அவரை நினைத்தே தம் பெயரைத் தேர்ந்துகொண்டார் இன்றைய திருத்தந்தை பதினான்காம் லியோ.

உவமையில் நாம் மறந்த மனிதர்

நல்ல சமாரியர் உவமையை நாம் நன்கு அறிவோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் எழுதிய 'அனைவரும் உடன்பிறந்தோர்' சுற்றுமடலில் ஓர் அதிகாரம் முழுவதையும் இதற்கே ஒதுக்கினார். குருவையும் லேவியரையும் சமாரியரையும் பற்றி எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அந்தக் கதையில் இன்னொருவர் இருக்கிறார். அவர் சாவடிப் பொறுப்பாளர்.

சமாரியர் ஓரிரவு காயப்பட்டவரோடு இருந்தார். மறுநாள் அவர் பயணப்பட வேண்டியிருந்தது, நம் ஜீப்புகளில் ஏறுகிறவர்களைப் போல. அவர் போனபின் காயத்தைக் கழுவியவர் யார்? கட்டை மாற்றியவர் யார்? கஞ்சி கொடுத்தவர் யார்? அந்தச் சாவடிப் பொறுப்பாளர்தான். அவரிடம் சமாரியர், "கடவுள் உமக்குக் கூலி கொடுப்பார்" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. இரண்டு தெனாரியத்தை எண்ணிக் கொடுத்தார். அக்காலத்தில் அது இரண்டு நாள் கூலி. மேலும் செலவானால் திரும்பி வந்து தருவதாகவும் வாக்களித்தார். இயேசு சொன்ன இரக்கத்தின் கதைக்குள் கூலியும் கணக்கும் பொறுப்பான வாக்குறுதியும் இருக்கின்றன. இரக்கமும் நீதியும் அங்கே ஒரே கையிலிருந்து வருகின்றன.

எனவே நம் கடமையும் இரண்டு பக்கம் கொண்டது. நம் கைகளால் செய்ய வேண்டியவை சில உண்டு. ஒவ்வோர் அன்பியமும் தன் பகுதியில் படுக்கையில் இருப்போரின் பட்டியலை, சமய வேறுபாடு பாராமல், எடுக்கட்டும். வாரத்தில் ஒருநாள் மூன்று மணி நேரம் ஒருவர் போய் நோயாளியின் அருகில் இருந்தால், பராமரிக்கும் அந்தப் பெண் சற்றுத் தூங்கி எழுவார். வின்சென்ட் தே பவுல் சபையினரும் மரியாயின் சேனையினரும் ஏற்கனவே செய்துவரும் சந்திப்புகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். வாட்டர் பெட், வாக்கர், சக்கர நாற்காலி ஆகியவற்றைப் பங்கில் வாங்கிவைத்து, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். ஓய்வுபெற்ற செவிலியர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களைக் கொண்டு ஒருநாள் பயிற்சி நடத்தலாம். நற்கருணை கொண்டுசெல்லும்போது முதுகுப் புண்ணையும் விசாரிப்போம்.

கேட்டுப் பெற வேண்டியவையும் உண்டு. முற்றிய நோய்களுக்கான சிகிச்சை முதியோருக்கு விரிவாக்கப்பட வேண்டும் என்று 2007ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. "எங்கள் ஊராட்சிக்கு ஆதரவு சிகிச்சைச் செவிலியர் வேண்டும், அவருக்கு நிரந்தரப் பணியும் நியாயமான ஊதியமும் வேண்டும்" என்று கிராம சபையில் தீர்மானம் கொண்டுவர எந்தக் குடிமகனுக்கும் தடையில்லை. கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று மே 1. அன்றே நாம் தொழிலாளரான புனித யோசேப்பின் விழாவையும் கொண்டாடுகிறோம். அவர் உழைப்போரின் பாதுகாவலர் மட்டுமல்ல, நல்மரணத்தின் பாதுகாவலரும்கூட. இயேசுவும் மரியாவும் அருகிலிருக்க அவர் கண்மூடினார் என்பது நம் மரபு.

அப்படி ஒரு மரணம், வலி தணிந்து, உடல் சுத்தமாக, அன்பானவர்கள் அருகிலிருக்க நேரும் மரணம், நம் பள்ளத்தாக்கின் ஒவ்வொரு வீட்டிலும் கிடைக்க வேண்டும். அதற்காகச் செபிப்போம். செபித்துவிட்டுத் திருப்பலி முடிந்து மே 1 கிராம சபைக்கும் போவோம்.